பாம்பு பிடிக்கக் கத்துக்கொடுக்க ஒரு பள்ளிக்கூடம் வேணும்

தலைப்பைப் பார்த்துட்டு "பொட்டி தட்டறவனுக்கு பாம்போட என்ன சகவாசம்?"னு கேக்கறவங்க, முழுசா படிச்சுட்டு கேளுங்க :-)

பாம்புக்கடிக்கு ஆஸ்பத்திரியில போடற மருந்து எங்கேயிருந்து வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன். இந்த நாலோட விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமா குதிரைக்குச் செலுத்தி, அதோட ரத்தத்துல உருவாகற எதிர்ப்புப் பொருளைப் பிரிச்சு எடுக்கறாங்க. அந்த விஷத்துக்காக மருந்துக் கம்பெனிகள் பல வருஷமா பெரும்பாலும் நம்பியிருக்கறது, மாமல்லபுரம் போற வழியில வடநெம்மேலியில இருக்கற இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவு சங்கத்தை.

தோலுக்காகப் பாம்பு பிடிச்சுப் பிழைச்சவங்க இருளர்கள். 1972ல வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்தது, 1976ல பாம்புத்தோல் ஏற்றுமதிக்கும் தடை. பிழைப்பு போச்சு. ரோமுலஸ் விட்டேகர் முயற்சியில 1978ல இந்தச் சங்கம் ஆரம்பமாச்சு. அதே வேட்டைதான், ஆனா கொல்றதில்லை. வனத்துறை அனுமதிக்கற எண்ணிக்கைக்குள்ள பிடிச்சு, சில வாரம் மண்பானையில வச்சு விஷம் எடுத்து, அடையாளம் போட்டு திரும்பக் கொண்டுபோய் விட்டுடறாங்க.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். இந்த வேட்டையை எப்படிக் கத்துக்கறாங்க? புத்தகம் கிடையாது. அப்பா அம்மா பின்னாடியே வரப்புல நடந்துதான். (ஆமாங்க, பெண்களும் வேட்டைக்குப் போறவங்கதான்.) ஒரு எலி வளை நமக்கு வெறும் ஓட்டை. அவங்களுக்கு அது ஒரு பக்கம் எழுத்து. வாசல்ல மண் வழவழன்னு தேய்ஞ்சிருக்கா, சிலந்தி வலை அறுபடாம இருக்கா, எச்சம் கிடக்கா, உரிச்ச சட்டை இருக்கா, எல்லாத்தையும் படிப்பாங்க. கடப்பாரையை எங்க போடணும், எந்த இடத்துல நிறுத்திட்டு கையால மண்ணைத் தள்ளணும்ங்கறது, பக்கத்துல ஆள் இருந்து நூறு தடவை பார்த்தாத்தான் வரும்.

நான் நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சவன். ஆனா வேலை கத்துக்கிட்டது என்னவோ பக்கத்து சீட் சீனியர்கிட்டதான். அவர் பேப்பர் போட்டதும், கடைசி மாசம் மேனேஜர் அவசர அவசரமா கேடி செஷன் வைப்பாரே, அதுல எவ்வளவு தேறும்னு உங்களுக்கே தெரியும்.

2017ல மாசி சடையனும் வடிவேல் கோபாலும் பர்மிய மலைப்பாம்பு பிடிக்க ஃப்ளோரிடாவுக்கே அழைக்கப்பட்டாங்க. புது நாடு, புதுக் காடு. ரெண்டு வாரம் முடியறதுக்குள்ள 13 பிடிச்சாங்க, அதுல ஒண்ணு 16 அடி. 2023ல ரெண்டு பேருக்கும் பத்மஸ்ரீ கிடைச்சது. ரொம்ப சந்தோஷம். ஆனா பத்மஸ்ரீ வாங்கற வித்தையை முறையா கத்துக்கொடுக்க ஒரு வகுப்பறை கிடையாது, சான்றிதழ் கிடையாதுங்கறது என்ன நியாயம்?

இங்கதான் சிலர் "அந்தப் பிள்ளைங்களை அப்பன் தொழிலுக்கே அனுப்பலாம்"னு ஆரம்பிப்பாங்க. வேண்டாம் சாமி! 1953ல ராஜாஜி அரை நாள் பள்ளி, அரை நாள் அப்பன் தொழில்னு கொண்டுவந்தார். குலக்கல்வின்னு தமிழ்நாடே எதிர்த்து, 1954ல காமராஜர் அதை ரத்து பண்ணினார். அது சரியான முடிவு. இருளர் வீட்டுப் பிள்ளை டாக்டராகணுமா, என்னை மாதிரி பொட்டி தட்டணுமா, அது அந்தப் பிள்ளையோட இஷ்டம்.

அதே சமயம், அவங்க வேற வேலைக்குப் போனா வித்தையும் சேர்ந்து போகட்டும்னு விடறதும் தப்பு. 2000லேர்ந்து 2019 வரைக்கும் இந்தியாவுல பாம்புக்கடியால சுமார் 12 லட்சம் பேர் செத்திருப்பாங்கன்னு 2020ல வந்த ஒரு ஆய்வு மதிப்பிடுது. வருஷத்துக்கு சராசரி 58,000 பேர். ஆய்வகத்துலயே செய்யற மாற்று மருந்துக்கான ஆராய்ச்சி நடக்குது. ஆனா இன்னைக்கு ஆஸ்பத்திரியில இருக்கற மருந்துக்கு விஷம் வேணும், விஷத்துக்குப் பாம்பு வேணும், பாம்பைக் கண்டுபிடிக்க ஆள் வேணும்.

அதனால நான் கேக்கறது இதுதான். பள்ளிப்படிப்பை முடிச்ச, 18 வயசான யார் வேணும்னாலும் சேரக்கூடிய ரெண்டு வருஷப் படிப்பு. எந்த சாதியா இருந்தாலும் சரி. முதல் வருஷம் பாம்பைத் தொடவே கூடாது, தடம் பார்க்கறதும் மண் படிக்கறதும் மட்டும்தான். வகுப்பறை வயல்லயும் புதர்லயும். படிக்கறவங்களுக்கு உதவித்தொகை, முடிச்சா சான்றிதழ், வனத்துறை அனுமதி. முக்கியமா, வாத்தியார்கள் இருளர் பெரியவங்களா இருக்கணும். பாலிடெக்னிக் ஆசிரியருக்குக் கொடுக்கற சம்பளத்தை அவங்களுக்கும் கொடுக்கணும். "நீ பள்ளிக்கூடம் போயிருக்கியா?"னு கேட்டே பழகின சமூகம், "ஐயா, எங்களுக்குக் கத்துக்கொடுங்க"ன்னு அவங்க முன்னாடி போய் நிக்கட்டும்.

இது நடைமுறைக்கு ஒத்துவராதுன்னு நினைக்கறவங்க, ஏன்னு சொல்லுங்க. சண்டை போடலாம், ஆனா காரணத்தோட :-)