விடுதலைப் பத்திரம்: யாருக்கு விடுதலை?

2021 டிசம்பர் 27. திருவொற்றியூர் கிராமத் தெரு, அரிவாக்குளம். குடிசை மாற்று வாரியம் 1993-இல் கட்டிய குடியிருப்பில் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள் தரைமட்டம். விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியே வந்துவிட்டதால் உயிர்கள் தப்பின. கட்டடத்துக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அதைப் பற்றி நிறையப் பேசிவிட்டோம். இனியும் பேசுவோம். இன்று பேச வந்தது வேறு.

வாரிய பிளாக் என்பது பல குடும்பங்கள் பங்குபோட்டுக்கொண்ட ஒரே கட்டடம். என் வீட்டுத் தளம் உன் வீட்டுக் கூரை. மாடி பாத்ரூம் ஒழுகினால் கீழ் வீட்டுச் சுவர் ஊறும். படிக்கட்டு, மொட்டை மாடி, டிரைனேஜ், அடிமனை எல்லாம் யாருடையவை? தவணை கட்டி முடித்த பிறகும் கிரயப் பத்திரத்துக்காக அலைகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! உரிமையைக் காகிதத்தில் தராமல், பராமரிப்பை மட்டும் மக்கள் தலையில் கட்டினால் மேல் வீடும் கீழ் வீடும் அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? இதே ஒழுகல் அண்ணா நகரில் நடந்தால் 'அசோசியேஷன் பிரச்சினை'. தண்டையார்பேட்டையில் நடந்தால் 'ஹவுசிங் போர்டு சண்டை'. ஒழுகும் தண்ணீருக்குச் சாதி இல்லை, பார்க்கிற கண்ணுக்கு இருக்கிறது.

ஆனால் தோழர்களே, இந்தக் கட்டடத்துக்குள் இன்னொரு பிரிவினை நடக்கிறது. அதற்கு அரசைக் குறை சொல்லித் தப்ப முடியாது.

ஒதுக்கீட்டு ஆணை அப்பா பெயரில் இருக்கும். அப்பா இறந்ததும் அண்ணன் தம்பி இருவரும் நடுவில் பிளைவுட் அடித்து வீட்டைப் பிரித்துக்கொள்வார்கள். அக்காவைக் கூப்பிட்டு, 'ஒரு கையெழுத்து போட்டுடுக்கா' என்பார்கள். அந்தக் காகிதத்தின் பெயர் விடுதலைப் பத்திரம். தன் பங்கிலிருந்து அவள் 'விடுதலை' பெறுகிறாளாம்! விடுதலை என்ற சொல்லுக்கு இதைவிடக் கேவலம் நேர்ந்திருக்காது.

இப்படி ஒரு பஞ்சாயத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாடகை வீட்டில் இருந்த அக்கா கேட்டது ஒரே கேள்வி: "அப்பா தவணைக்குப் பணம் இல்லாதப்போ என் கம்மலைத்தானே அடகு வெச்சாரு?" பதில் சொல்ல ஆள் இல்லை. அம்பேத்கர் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் அந்தப் பஞ்சாயத்து நடந்தது.

அவர் ஏன் 1951-இல் சட்ட அமைச்சர் பதவியைத் தூக்கி எறிந்தார்? முக்கியமான காரணம், மகளுக்கும் சொத்தில் பங்கு தரும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை முடக்கினார்கள் என்பது. அவருக்கு மாலை போட்டுவிட்டு அக்காவிடம் கையெழுத்து வாங்குவது எந்த ஊர் நியாயம்?

அப்பா உயில் எழுதாமல் இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியத்தில் மனைவி, மகன், மகள், அவருடைய தாய் எல்லோருக்கும் சம பங்கு என்பது 1956 முதல் இந்து வாரிசுரிமைச் சட்டம். கிறிஸ்தவக் குடும்பமானாலும் 1925-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மகனுக்கும் மகளுக்கும் பங்கு ஒன்றே. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமையைத் தமிழ்நாடு 1989-லேயே கொண்டுவந்தது. ஆனாலும் குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரித்துக்கொள்ள முன்வரும் வரை மகள் பாகப்பிரிவினை கேட்க முடியாது என்ற பிரிவு 23, 2005 வரை சட்டத்தில் உட்கார்ந்திருந்தது. நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டது. நம் வீடுகளில் இன்னும் நீக்கவில்லை.

'சின்ன வீட்டை எத்தனை துண்டு போடுவது?' என்பார்கள். பங்கு என்றால் சுவர் என்று யார் சொன்னது? துண்டுபோட முடியாத சொத்தை விற்றுப் பணமாகப் பிரிக்க 1893-ஆம் ஆண்டுப் பாகப்பிரிவினைச் சட்டமே வழி சொல்கிறது. விற்கக் கேட்பவரின் பங்கை மற்றவர்கள் நீதிமன்றம் மதிப்பிடும் விலைக்கு வாங்கிக்கொள்ளவும் இடம் உண்டு. 'சீர் செஞ்சாச்சே' என்பார்கள். சீர் அவள் கணவன் வீட்டுக்குப் போனது. பங்கு அவளுடையது.

இது குடும்ப விஷயம் அல்ல, அரசியல். வடசென்னையில் பழைய பிளாக்குகளை இடித்துக் கட்டும் காலம் இது. 2024-இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி மறுகட்டுமானத்துக்கு மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்களின் சம்மதம் போதும். காகிதத்தில் பெயர் இல்லாதவர் அந்தக் கணக்கில் எந்தப் பக்கமும் வரமாட்டார். 'உன் பெயர் லிஸ்டில் இல்லை' என்று அதிகாரி நம்மிடம் சொல்லும்போது கொதிக்கிறோமே, அதே வாக்கியத்தைத்தான் நாம் அக்காவிடம் சொல்கிறோம்.

மாணவத் தோழர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுப் பத்திரத்தையோ ஒதுக்கீட்டு ஆணையையோ எடுத்துப் படியுங்கள். யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்று பாருங்கள். வாரிசுச் சான்றிதழில் அக்கா, தங்கை, அம்மா பெயர்கள் விடுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பட்டியல் சாதியினருக்கும் பெண்களுக்கும் அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

அடிமனையில் நம் பங்கை வாரியத்திடம் கேட்போம். அதற்கு முன்பு அக்காவின் பங்கை வீட்டுக்குள் கொடுப்போம்.

ஜெய் பீம்.