கல்லில் கலந்தால் கடவுள், ஊரில் கலந்தால் கொலையா?

கிரேக்கத் தொன்மங்களில் பாதி மனிதரும் பாதி விலங்குமான உயிரிகள் நிறைய உண்டு. இடுப்புக்குக் கீழே குதிரையான சென்டார், காளைத் தலை கொண்ட மினோட்டார் என்று பட்டியல் நீளும். கி.மு. 5-ஆம் நூற்றாண்டில் ஏதென்சில் கட்டப்பட்ட பார்த்தினான் கோயிலின் சிற்பங்களில் மனிதர்கள் சென்டார்களோடு போரிடுகிறார்கள். நாகரிகம் காட்டுமிராண்டித்தனத்தை வெல்வதாக அதற்குப் பொருள் சொல்வார்கள். யார் காட்டுமிராண்டி என்று முடிவுசெய்தவர் உளி பிடிக்கச் சொன்னவர்.

அந்தக் கதைகளில் நம் மலைகளுக்கும் இடம் உண்டு. பாரசீக அரசவையில் மருத்துவராக இருந்த க்டீசியஸ் என்ற கிரேக்கர், இந்தியாவைப் பார்க்காமலே அதைப் பற்றி ஒரு நூல் எழுதினார். இந்திய மலைகளில் நாய்த்தலை மனிதர்கள் வாழ்வதாகவும், அவர்கள் பேசாமல் குரைப்பதாகவும் அதில் சொன்னார். சேர்வராயன் மலையில் களஆய்வு செய்யும் எனக்கு இது பழங்கதையாகத் தெரியவில்லை. சமவெளிக்காரர்கள் மலைவாசிகளைப் பற்றி அடிக்கும் நகைச்சுவைகளில் அந்த நாய்த்தலை இன்னும் இருக்கிறது. காட்டில் வாழ்ந்தவர்களுக்கு இராமாயணம் ஏன் வால் வைத்தது என்று திராவிட இயக்கம் கேட்டதும் இதே கேள்விதான்.

"நம் மரபு கலப்பைக் கொண்டாடுகிறதே, நரசிம்மரும் பிள்ளையாரும் கலப்பு உருவங்கள்தானே?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான். சேலத்துக்குப் பக்கத்தில் தாரமங்கலம் கோயிலுக்குப் போனால் தூணுக்குத் தூண் யாளி நிற்கிறது. ஆனால் கல்லில் கலந்த உடலால் யாருடைய சொத்தும் கைமாறாது. எந்தப் பெண்ணும் தன் துணையைத் தானே தேர்ந்துகொண்டுவிட மாட்டாள். மனிதர்கள் கலந்தால் இரண்டும் நடக்கும். அதனால்தான் மனுஸ்மிருதியின் 10-ஆம் அத்தியாயம், சூத்திர ஆணுக்கும் பார்ப்பனப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளையைச் சண்டாளன் என்று கடைசியில் தள்ளுகிறது. அகமணமே சாதியின் உயிர் என்று அம்பேத்கர் 1916-இலேயே சொல்லிவிட்டார்.

இந்த இரட்டை வேடத்தைத் திருச்செங்கோட்டில் பார்த்தோம். அந்த மலைக்கோயிலின் கடவுள் அர்த்தநாரீசுவரர்: ஒரே உடலில் ஆண் பாதி, பெண் பாதி. 2015 ஜூன் 23 அன்று, ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரியான தலித் இளைஞர் கோகுல்ராஜ், ஆதிக்கச் சாதியைச் சேர்ந்த தன் கல்லூரித் தோழியோடு அங்கே பேசிக்கொண்டிருந்தார். அங்கிருந்து கடத்தப்பட்டார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் அவர் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. இரண்டு பாதிகள் சேர்ந்த கடவுளைக் கும்பிடும் ஊரில், இரண்டு சாதிப் பிள்ளைகள் சேர்ந்து உட்காரக்கூட முடியவில்லை.

ஓமலூருக்குக் கிழக்கே எழும் சேர்வராயன் மலையில் வேறொரு கதை இருக்கிறது. மலையாளிப் பழங்குடியினரின் தோற்றக் கதை அது. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகள் சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை என்று பிரிந்து குடியேறி, வெவ்வேறு சாதிப் பெண்களை மணந்தார்கள் என்கிறது அதன் ஒரு வடிவம். வெள்ளாளர் வழி வந்தோம் என்ற பெருமையும் அதே கதையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் கலந்து பிறந்தோம் என்பதை ஒரு மக்கள் கூட்டம் வெட்கமின்றித் தன் முதல் கதையாகச் சொல்ல முடிகிறது. எந்த அரக்கனும் அதிலிருந்து பிறக்கவில்லை.

எனவே கலப்பு உருவங்களைக் கண்டு வியப்பதோடு நிறுத்திக்கொள்ள முடியாது. சாதி மறுத்து இணைவோருக்கு மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவும், தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சக்தி வாஹினி வழக்கில் சொன்னது. உங்கள் மாவட்டத்தில் அவை எங்கே இருக்கின்றன என்று கேளுங்கள். விலாசம் சொல்ல முடியாத அதிகாரியிடம் மறுபடியும் கேளுங்கள்.