தங்கவயலுக்குப் படம் எடுக்கப் போகிறவர்களே...

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குக் கேமராவும் கையுமாகப் போகிறவர்கள் உண்டு. 2018-ல் வந்த கே.ஜி.எஃப் படம் கிளப்பிவிட்ட ஆசை! துருப்பிடித்த இரும்புக் கோபுரம், மூடிய சுரங்க வாய், சயனைடு மண்மேடு... படத்தில் எல்லாம் அழகாகத்தான் விழும்.

ஆனால் அது ஆளில்லாத ஊர் இல்லை நண்பர்களே. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த பிறகு, பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்கள்தான் அந்தக் குழிகளில் இறங்கினார்கள். ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. எடுத்த தங்கம் 800 டன்னுக்கும் மேல்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். வேலை போனது, குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. காற்றடித்தால் மேட்டுத் தூசி அவர்கள் வீட்டுக்குள்தான் போகிறது. தங்கத்தை வரவு வைத்தாயிற்று. நுரையீரலில் படிந்த தூசியை எந்தப் பேரேட்டில் பற்று எழுதுவது?

பார்க்கப் போவது தப்பில்லை. ஆனால் பழைய குழிகளுக்குள் திருட்டுத்தனமாக நுழைவது உயிருக்கே ஆபத்து. அரசு ஒரு பகுதியையாவது பாதுகாப்பாகத் திறக்கட்டும். முன்னாள் தொழிலாளர்களையே சம்பளம் கொடுத்து வழிகாட்டிகளாக வைக்கட்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும். 20 வருடம் கழித்துக் கோபுரம் நிற்கலாம், உள்ளே இறங்கியவர்கள் இருக்க மாட்டார்கள்!