போன் சொன்னது சிரியஸ், அப்பத்தா சொன்னது விடிவெள்ளி



"கையில் இருக்கும் கருவி அறிவை வளர்க்கிறதா, கெடுக்கிறதா?" என்பது நம் சுவர் இதழின் இந்த மாதக் கேள்வி. நான் எல்லாக் கருவியைப் பற்றியும் எழுதப் போவதில்லை. போனை வானத்துக்கு நேராகப் பிடித்தால் "இது இன்ன நட்சத்திரம், இது இன்ன கோள்" என்று பெயர் சொல்லுமே, அந்த ஆப்பைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். கூகுள் ஸ்கை மேப் 2009-இல் வந்தது. இப்போது அதுபோல நிறைய இருக்கின்றன.

2025 ஆகஸ்ட் 12 விடியற்காலையில் வெள்ளியும் வியாழனும் பக்கத்துப் பக்கத்தில் தெரியும் என்று வகுப்பில் சொன்னார்கள். கையை நீட்டி சுண்டுவிரலைக் காட்டினால் அதன் அகலம்தான் இரண்டுக்கும் இடைவெளி. அதைப் பார்க்க நானும் அண்ணனும் ஐந்து மணிக்கே எழுந்து வாசலுக்கு வந்தோம். அப்பத்தா அதற்கு முன்பே எழுந்து மாடு கறந்துகொண்டிருந்தார்கள்.

கிழக்கே இரண்டும் ஜோராகத் தெரிந்தன. பெரிதாக மின்னியதற்கு நேராக அண்ணன் போனைப் பிடித்தான். போன் "சிரியஸ்" என்று காட்டியது. அப்பத்தா பால் போசியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்கள்:

"ஏஞ்சாமி, அது விடிவெள்ளி. கொஞ்ச மாசம் வெடியால கெழக்க வரும், கொஞ்ச மாசம் பொழுதோட மேக்க வரும். நா வாக்கப்பட்டு வந்ததுல இருந்து பாக்கறேன்."

"போன் தப்பாச் சொல்லாதுங்க அப்பத்தா" என்றான் அண்ணன்.

"அப்ப உன்ற போனுக்குக் கண்ணு தெரியல" என்றார்கள்.

நாங்கள் சிரித்தோம். ஆனால் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டபோது, அப்பத்தா சொன்னதுதான் நிஜம் என்று தெரிந்தது. அந்த ஆப் வானத்தைப் பார்ப்பதே இல்லை! நாம் எந்த ஊரில் நிற்கிறோம் என்பதை ஜிபிஎஸ் சொல்கிறது. மணி என்ன என்பதைக் கடிகாரம் சொல்கிறது. போன் எவ்வளவு சாய்ந்திருக்கிறது, எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதை உள்ளே இருக்கும் சின்னச் சின்ன உணரிகள் சொல்கின்றன. இதையெல்லாம் வைத்துக் கணக்குப் போட்டு ஒரு படம் வரைகிறது, அவ்வளவுதான். நம்பாதவர்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து தரையைப் பார்த்துப் போனைப் பிடியுங்கள். பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நட்சத்திரங்களைக் கூடக் காட்டும்.

திசை சொல்லும் உணரி ஒரு காந்த ஊசி மாதிரி. பக்கத்தில் காந்தமோ பெரிய இரும்போ இருந்தால் குழம்பிவிடும். அண்ணனுடைய போன் உறையில், மூடி ஒட்டிக்கொள்ள ஒரு காந்தம் இருந்தது. மறுநாள் உறையைக் கழற்றி, போனைக் காற்றில் எட்டு வரைவது போல் நாலு தடவை சுற்றியதும் வெள்ளி, வியாழன் என்று சரியாகச் சொன்னது. முதல் நாள் சிரியஸ் தென்கிழக்கே ஏறக்குறைய அதே உயரத்தில் இருந்திருக்கிறது. திசை தப்பியதால் பெயரும் தப்பிப் போனது.

அப்படியானால் போன் தோற்றது, அப்பத்தா ஜெயித்தார்கள் என்று முடித்துவிடலாமா? அதுவும் நியாயம் இல்லை. இன்னொரு நாள் சாயங்காலம் கண் சிமிட்டாத ஒரு வெளிச்சம் மளமளவென்று நகர்ந்து போனது. "கோயமுத்தூரு போற ஏரோப்ளேன்" என்றார்கள் அப்பத்தா. போன் "சர்வதேச விண்வெளி நிலையம்" என்றது. ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றுவது. "அதுக்குள்ள ஆளா இருக்கறாங்க?" என்று அப்பத்தா வாயில் கை வைத்தார்கள். 2025 ஜூனில் நம் நாட்டு சுபான்ஷு சுக்லா அங்கே போனதை நான்தான் சொன்னேன். எனக்கு அன்றைக்குப் பெருமை தாங்கவில்லை.

என் கருத்து இதுதான். போன் பெயர் சொல்லும். பெயர் தெரிந்தவுடன் பார்ப்பதை நிறுத்திவிட்டால் அது அறிவு ஆகாது. அப்பத்தாவுக்கு ஆறாமீன் என்பது பெயர் மட்டும் அல்ல. "ஆடியில நடுச்சாமத்துக்கு மேலதான் கெழக்க ஏறும், கார்த்திகையில பொழுது உழுந்ததுமே ஏறிரும்" என்கிறார்கள். நட்சத்திரங்கள் தினமும் 4 நிமிடம் முன்னதாக உதிக்கின்றன என்று நாம் படிப்பதைத்தான் அவர்கள் பார்த்தே தெரிந்து வைத்திருக்கிறார்கள். அண்ணன் போனில் ஆறாமீன் என்ற பெயர் இல்லை, "பிளேயடிஸ்" என்றுதான் இருக்கிறது. நாம் கேட்டு எழுதி வைக்காவிட்டால் அந்தப் பெயர் அப்பத்தாவோடு போய்விடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் போன் அண்ணனுடையது. அவன் மொட்டை மாடியில் எத்தனை மணி வரை நின்றாலும் யாரும் கேட்பதில்லை. நான் எட்டு மணிக்கு வாசலில் நின்றால் "பொட்டப்புள்ளைக்கு இருட்டுல என்ன வேலை?" என்று வந்த ஒரம்பரை கூடக் கேட்கிறார்கள். ஆனால் விடியாத இருட்டில் மாடு கறப்பது யார்? தண்ணீர் பிடிப்பது யார்? மில் வண்டி ஏறப் போவது யார்? வேலைக்கு என்றால் எங்களுக்கு இருட்டு ஆகும், வானம் பார்க்க என்றால் மட்டும் ஆகாதா? 2023-இல் சூரியனை ஆராயப் போன ஆதித்யா எல்-1 திட்டத்தின் இயக்குநர் செங்கோட்டையில் படித்த நிகர் ஷாஜி என்ற பெண்தான். 2008-இல் சந்திரயான்-1 திட்ட இயக்குநராக இருந்த மயில்சாமி அண்ணாதுரை நம் பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடிக்காரர். கிராமத்து வானமும் பெரிய வானம்தான். அதைப் பார்க்க எங்களையும் விட வேண்டும்.

ஆகையால் தலைமையாசிரியருக்கு ஒரு பணிவான வேண்டுகோள். அமாவாசையை ஒட்டி ஒருநாள், சாயங்காலம் ஏழு மணி முதல் எட்டரை வரை, நம் பள்ளி மைதானத்தில் வானம் பார்க்க ஏற்பாடு செய்ய வேண்டும். அம்மாக்களும் வரட்டும், பயம் இருக்காது. வகுப்புக்கு ஒரு போன் போதும். அதன் வெளிச்சம் கண்ணைக் கூசாமல் இருக்க சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிக்கொள்ளலாம். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும், அதுவரை போனைத் தொடக் கூடாது. முதலில் நாமே பார்த்து யூகிக்க வேண்டும், பிறகுதான் போனைக் கேட்க வேண்டும். ஒவ்வொருவரும் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு நட்சத்திரத்தின் பழைய பெயரைக் கேட்டு வர வேண்டும். அந்தப் பெயர்களை அடுத்த மாதச் சுவர் இதழில் நானே எழுதித் தருகிறேன்.

எங்கள் அப்பத்தாவிடம் சொல்லிவிட்டேன். "மாட்டைக் கறந்துட்டு வந்தர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்கள்.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி