தோழிக்கு யார் துணை?

‘சாத்தின்’ என்ற இந்திச் சொல்லைத் தமிழில் ‘தோழி’ என்றுதான் பெயர்க்க முடியும். அகப்பாடல்களில் அறத்தொடு நிற்பது தோழியின் வேலை. ராஜஸ்தான் அரசு 1980களில் தன் மகளிர் மேம்பாட்டுத் திட்டத்துக்காகக் கிராமங்களில் நியமித்த பெண்களுக்கும் அந்தப் பெயரையே வைத்தது. வேலை அறத்தொடு நிற்பதுதான். கையில் சொற்ப மதிப்பூதியம். அரசு ஊழியர் அந்தஸ்து கிடையாது.

ஜெய்ப்பூருக்கு அருகே பட்டேரி கிராமத்தில் சாத்தினாக இருந்தவர் பன்வாரி தேவி, குயவர் குடும்பம். 1992-ல் குஜ்ஜார் வீடொன்றில் ஒரு வயதுகூட நிரம்பாத பெண் குழந்தைக்கு நடக்கவிருந்த கல்யாணத்தைத் தடுக்க முயன்றார். போலீஸ் வந்தது, போனது. கல்யாணமும் நடந்தது. ஊர் அவரை ஒதுக்கியது. அவர்கள் செய்த பானையை வாங்க ஆளில்லை, அவர்களுக்குப் பால் விற்கவும் ஆளில்லை. செப்டம்பரில், கணவரின் கண்ணெதிரே கூட்டு பலாத்காரம். 1995-ல் ஐந்து பேரும் பலாத்காரக் குற்றச்சாட்டிலிருந்து விடுவிக்கப்பட்டார்கள். மேல்சாதி ஆண்கள் கீழ்சாதிப் பெண்ணைத் தொட மாட்டார்களாம். கோர்ட் சொன்ன காரணங்களில் அதுவும் ஒன்று.

இந்தச் சம்பவத்தையொட்டிப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997-ல் சுப்ரீம் கோர்ட்டின் விசாகா தீர்ப்பு வந்தது. அதன் வழியில் 2013-ல் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடைச் சட்டம். நகரத்து அலுவலகங்களில் இன்று புகார்க் குழு இருக்கிறதென்றால், அது ஒரு கிராமத்துப் பெண் கொடுத்த விலை.

கிராமத்துக்கு என்ன கிடைத்தது? ஏட்டில் நிறையவே. சம்பளமில்லாமல் தொண்டாக உழைப்பவரும் இந்தச் சட்டப்படி ஊழியர்தான். பணியிடத்தில் எதிர்ப்படும் வெளியாட்களிடமிருந்தும் அவரைக் காப்பது வேலை கொடுத்தவரின் கடமை. மாவட்டத்துக்கொரு உள்ளூர்க் குழு உண்டு.

அந்தமான் நிக்கோபாரில் மாவட்டங்கள் மூன்றே. இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களை ரப்பர் தோட்டத்துக்காகக் குடியமர்த்திய கச்சால் தீவு, நிக்கோபார் மாவட்டத்தில் இருக்கிறது. தலைநகரம் கார் நிக்கோபார், நடுவே கடல். பஸ் பிடித்துப் போய்ப் புகார் கொடுத்துவிட்டு மாலையில் திரும்புகிற தூரமல்ல. சட்டம் இதற்கும் வழி சொல்கிறது: கிராம, பழங்குடிப் பகுதிகளில் தாலுகாதோறும் ஓர் அதிகாரி புகாரை வாங்கி, ஏழு நாளில் குழுவுக்கு அனுப்ப வேண்டும்.

பட்டேரியில் ஆபத்து செப்டம்பரில் தொடங்கவில்லை. பால் நின்ற அன்றே தொடங்கிவிட்டது. அன்று போய்ச் சொல்ல அவருக்கு ஓர் அதிகாரி தேவைப்பட்டார். கச்சாலில் அப்படிப்பட்ட அதிகாரி யார், எங்கே உட்காருகிறார் என்று அங்கன்வாடிச் சுவரில் தமிழிலும் நிக்கோபாரியிலும் எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும்.