பெட்டிக்குள் ஒரு வீடு



வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் பெட்டியைத் திறக்கும்போது சுற்றி உட்கார்ந்து பார்க்காதவர் நம்மில் யார்? சோப்பு, சாக்லேட், சென்ட்டு என்று ஒவ்வொன்றாக வெளியே வர வர நம் கண்கள் விரியும். சென்ற விடுமுறையில் ஜெர்மனியிலிருந்து வந்த என் சித்தி, பெட்டியைத் திறக்கும் முன் ஒரு கதை சொன்னார். அந்தக் கதையே இக்கட்டுரைக்கு வித்து.

சித்தியின் அடுத்த வீட்டில் ஓர் அமெரிக்கக் குடும்பம் வசிக்கிறது. கோடையில் தாய்நாடு சென்று திரும்பும்போதெல்லாம் அந்த அம்மாள் இரண்டு பெரிய பெட்டிகளைச் சுமந்து வருவாராம். உள்ளே நகையோ, விலையுயர்ந்த கருவிகளோ இருக்கும் என்று எண்ணினால் ஏமாந்து போவோம். நிலக்கடலை வெண்ணெய் நான்கு பாட்டில், டப்பாவில் அடைத்த பரங்கிக்காய்க் கூழ், பாலாடைக்கட்டித் தூளுடன் வரும் மாக்கரோனிப் பொட்டலங்கள், பிஸ்கட்டுக்குப் போடும் சாக்லேட் துண்டுகள், வாயை அழுத்தி மூடும் ஜிப்லாக் பைகள், நூற்றுக்கணக்கில் மாத்திரைகள் நிறைந்த ஒரு புட்டி, அளவுக் கிண்ணங்கள் ஓர் அடுக்கு. இவ்வளவுதான்!

"கடலைக்காகவா இத்தனை தூரம் சுமை?" என்று சித்தி சிரித்திருக்கிறார். அந்த அம்மாளும் சிரித்துக்கொண்டே, "நீங்கள் ஊருக்குப் போய் வரும்போது என்ன கொண்டு வருவீர்கள்?" என்று கேட்டாராம். சாம்பார்ப் பொடி, புளி, வடகம், அப்பளம், காப்பித் தூள், மாவடு... சொல்லச் சொல்லச் சித்தியின் சிரிப்பு அடங்கிவிட்டது.

நான் இதை வகுப்பில் சொன்னபோது தோழி ஒருத்தி, "நாம் கொண்டு போவது தேவை. அவர்கள் கொண்டு போவது பணக்காரப் பகட்டு" என்று தீர்ப்புக் கூறினாள். இந்தத் தீர்ப்பு சரியா? சிந்தித்துப் பார்ப்போம்.

பகட்டுக்காக ஒருவர் பொருள் சுமந்தால் விலை உயர்ந்ததை அல்லவா சுமப்பார்? அந்தப் பெட்டியிலோ இருப்பவை அமெரிக்க மளிகைக் கடையின் மிக மலிவான சரக்குகள். கிராஃப்ட் மாக்கரோனிப் பொட்டலம் 1937-ஆம் ஆண்டில், நாடே பொருளாதார மந்தத்தில் வாடிய காலத்தில், 19 சென்ட்டுக்கு நால்வர் உண்ணலாம் என்று விற்பனைக்கு வந்தது. ஏழைக் குடும்பங்களின் பசி தீர்த்த அந்தப் பொட்டலம் இன்று கடல் கடந்து போகிறது. மனிதன் தொலைவில் இருக்கும்போது ஏங்குவது விருந்துச் சாப்பாட்டுக்காக அன்று. பள்ளி விட்டு வந்ததும் அம்மா தட்டில் வைத்ததற்காகவே. விமானத்தில் ஒரு பெட்டிக்கு வழக்கமாக அனுமதிக்கப்படும் எடை 23 கிலோதான். அதிலும் கடலை வெண்ணெயைக் கைப்பையில் கொண்டு போக முடியாது. அமெரிக்க விமான நிலையச் சோதனையில் அது திரவமாகவே கருதப்படுகிறது. 2006-ஆம் ஆண்டு முதல் கைப்பையில் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் புட்டிகளுக்கு இடமில்லை. ஆகவே அதைப் பெரிய பெட்டியில், துணிகளுக்கு நடுவே பொதிந்துதான் வைக்க வேண்டும். பகட்டுக்காக யாராவது இப்பாடு படுவார்களா?

அளவுக் கிண்ணத்தை நினைத்தால்தான் எனக்கு முதலில் வியப்பாக இருந்தது. கிண்ணம் கிடைக்காத ஊரும் உண்டா? மனையியல் ஆசிரியை விளக்கிய பின்னரே புரிந்தது. பாஸ்டன் நகரில் சமையற்கலை கற்பித்த ஃபேனி ஃபார்மர் என்னும் அம்மையார் 1896-இல் வெளியிட்ட நூலில், எதையும் கிண்ணத்திலும் கரண்டியிலும் தலை தட்டி அளக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். அன்று முதல் அமெரிக்கத் தாய்மாரின் சமையற் குறிப்புகள் கிண்ணக் கணக்கிலேயே இருக்கின்றன. ஜெர்மனியிலோ மாவையும் சர்க்கரையையும் தராசில் வைத்துக் கிராமில் நிறுப்பார்கள். மேசைக்கரண்டி கூட நாட்டுக்கு நாடு மாறும்: அமெரிக்காவில் ஏறக்குறைய 15 மில்லி, ஆஸ்திரேலியாவில் 20 மில்லி. பாட்டி கைப்பட எழுதித் தந்த குறிப்பை அந்நிய அளவில் செய்தால் பண்டம் கெட்டுவிடும். நம் வீட்டு ஆழாக்குக்கு உள்ள மதிப்பே அந்தக் கிண்ணத்துக்கும்.

அப்படியானால் அந்தப் பெட்டியில் உள்ளவை எல்லாமே நல்லவைதாமா? இல்லை. மாத்திரைப் புட்டியை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அமெரிக்காவில் வலி மாத்திரைகளை மளிகைக் கடையிலேயே நூற்றுக்கணக்கில் அடைத்து விற்கிறார்கள். ஜெர்மனியில் மருந்துக் கடையில் மட்டுமே, சிறு பொட்டலமாகக் கிடைக்கும். இங்கிலாந்தில் 1998-ஆம் ஆண்டு முதல், மருந்துக் கடை அல்லாத கடைகளில் பாரசிட்டமால் ஒரு பொட்டலத்தில் 16 மாத்திரைக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. மனம் உடைந்த ஒருவர் ஒரு நொடியில் கைநிறைய விழுங்கிவிடக் கூடாதே என்பதற்காக வந்த விதி அது. நம் வயதுப் பெண்கள் உள்ள வீடுகளில் இதன் அருமை தெரியும். கடலை வெண்ணெய் பாசத்தின் பொருள். மருந்து அப்படி அன்று. அமெரிக்காவில் மருத்துவர் எழுதித் தரும் ஆம்ஃபெட்டமின் கலந்த மருந்தை ஜப்பானுக்குள் கொண்டு போவதே குற்றம். போகும் நாட்டின் சட்டத்துக்குப் பின்னால் அந்நாட்டு மக்களின் அனுபவம் இருக்கிறது. அதை மதிப்பதே அறிவுடைமை.

இன்னொரு குறையும் சொல்வேன். கொண்டு வந்ததை மட்டுமே உண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வாழ்வோரும் உண்டு. அவர்களுடைய பெட்டி வந்து சேர்ந்துவிட்டது. அவர்கள் வந்து சேரவில்லை. எந்நாட்டில் பாசறை அமைத்தாலும் தம் ஊர்ச் சரக்கே கிடைக்கும்படி அமெரிக்கப் படைக்குத் தனிக் கடைகள் இருக்கின்றன. வேலிக்கு வெளியே என்ன சமைக்கிறார்கள் என்று அறியாமலே ஒருவர் ஆண்டுகளைக் கழித்துவிடலாம். ஆனால் பொருளுக்கு வேலி ஏது? 1950-53 கொரியப் போருக்குப் பின், பாசறைகளிலிருந்து வெளியே வந்த ஸ்பாம் என்னும் டப்பா இறைச்சியைக் கொரியர்கள் தங்கள் கிம்ச்சியோடும் மிளகாயோடும் கொதிக்கவைத்து ஒரு குழம்பு ஆக்கினார்கள். பசிக் கொடுமையில் பிறந்த அந்தப் 'படைக் குழம்பு' இன்று உணவு விடுதிகளில் விரும்பி உண்ணப்படுகிறது.

நம் அடுக்களையும் இப்படித்தான். தென் அமெரிக்காவில் தோன்றிய நிலக்கடலையை நம் கிராமங்களில் மணிலாக்கொட்டை என்கிறோம். அது வந்த வழியைப் பெயரே காட்டுகிறது. பரங்கிக்காய் என்னும் பெயரிலேயே பரங்கியர் இருக்கிறார். மிளகாய் இல்லாத சாம்பார்ப் பொடியை நம்மால் நினைக்க முடியுமா? அதுவும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததே. என்றோ ஒருவர் சுமந்து வந்த சுமைதான் இன்று நமக்குச் சொந்த ஊர்ச் சுவை ஆகியிருக்கிறது. இதை அறிந்த பின்னும் பிறர் பெட்டியைப் பார்த்து நகைப்பது முறையா?

ஆகவே என் கருத்து இதுதான்: ஊர்ப் பொருளைச் சுமந்து போவது பெருமைக்குரியதும் அன்று, இழிவும் அன்று. அது மனித இயல்பு. அதை ஒளித்து வைத்து உண்டால் சுவர் ஆகும். பகிர்ந்து உண்டால் வாசல் ஆகும்.

சித்தியின் கதை முடியவில்லை. அமெரிக்கர்கள் நவம்பர் மாத நான்காம் வியாழக்கிழமையில் நன்றித் திருநாள் கொண்டாடுவார்கள். அன்று அடுத்த வீட்டு அம்மாள், டப்பாப் பரங்கிக்காயில் செய்த இனிப்புப் பணியாரம் ஒன்றைத் தட்டோடு கொண்டு வந்து கொடுத்தாராம். தட்டை வெறுமையாகத் திருப்பித் தருவது நம் வழக்கம் இல்லையே! சித்தி, இருந்த கடலையையும் வெல்லத்தையும் கொண்டு உருண்டை பிடித்து வைத்து அனுப்பியிருக்கிறார்.

இம்முறை ஊர் திரும்புமுன் சித்தி எழுதிய பட்டியலில் கடைசி வரி என் கண்ணில் பட்டது: "கோவில்பட்டிக் கடலைமிட்டாய், நான்கு பொட்டலம். இரண்டு நமக்கு, இரண்டு அடுத்த வீட்டுக்கு."