தட்டச்சு செய்த பெண்ணா குற்றவாளி?

"கம்ப்யூட்டர் அழிச்சிடுச்சு சார்." "வைரஸ் வந்திடுச்சு." "அந்தப் பொண்ணு ஏதோ தப்பான பட்டனை அமுக்கிடுச்சு."

எங்கள் ஓய்வூதியர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் கெட்டுப்போனதற்கு ஒரே வாரத்தில் என் காதில் விழுந்த காரணங்கள் இவை. மூன்றும் தவறு. மூன்றாவது அநியாயமும் கூட. தொகுப்பூதியத்தில் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணின் சம்பளத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே.

நான் கணினி படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயத்தோடு காலம் முழுக்கச் சாக்பீஸ் பிடித்தவன். ஆனால் ஒரு பதிவேட்டை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரியும். இதுவும் ஒரு பதிவேடுதான்.

சங்கத்தில் இருப்பது மைக்ரோசாஃப்ட் அக்சஸ். 1992-ல் வந்த மென்பொருள். சின்ன அலுவலகத்துக்கு நல்ல பொருள், அதன்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் அதன் குணம் தெரிந்து பழக வேண்டும். பெரிய அலுவலகங்களில் சர்வர் இருக்கும். கேட்பவர் நூறு பேரானாலும் பேரேட்டில் எழுதுவது ஒரே எழுத்தர் என்பது போன்ற ஏற்பாடு அது. அக்சஸில் அந்த எழுத்தர் கிடையாது. நான்கு கணினியில் நான்கு பேர் திறந்தால், நான்கும் ஒரே கோப்பில் நேரடியாகக் கைவைத்து எழுதும். கோப்புக்குள் எல்லாம் 4 கேபி அளவுள்ள சிறு சிறு பக்கங்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒரு கணினி எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் போனாலோ, வைஃபை ஒரு கணம் அறுந்தாலோ, எழுத வேண்டியதில் பாதிதான் போய்ச் சேரும். மறுநாள் திறந்தால், இந்தக் கோப்பை அடையாளம் தெரியவில்லை என்று அக்சஸ் கைவிரிக்கும். இதற்கு வைரஸ் எதற்கு?

இப்போது எங்கள் அலுவலகத்தைப் பாருங்கள். தரையில் ஒயர் கிடந்தால் அசிங்கமாக இருக்கிறதாம், எல்லாக் கணினியையும் வைஃபைக்கு மாற்றினார்கள். கோப்பு இருக்கிற கணினிக்கு யூபிஎஸ் கிடையாது. தலைவர் அறை மின்விசிறிக்கு இன்வெர்ட்டர் உண்டு. மாலையில் கதவைச் சாத்தும்போது, கணினிகள் ஓடிக்கொண்டிருக்க, மெயின் சுவிட்சையே இறக்கிவிட்டுப் போவது வழக்கம். மின்கட்டணச் சிக்கனமாம்!

அந்தப் பெண் நிரபராதி என்பதற்குச் சாட்சி அந்தக் கணினியிலேயே இருந்தது. அக்சஸ் கோப்பை யாராவது திறந்தால் பக்கத்திலேயே பூட்டுக் கோப்பு ஒன்று தோன்றும். கடைசி ஆள் முறையாக வெளியேறும்போது அது மறைந்துவிடும். காலையில் அவர் வருவதற்கு முன்பே அது அங்கே கிடந்தது. உள்ளே யாரும் இல்லாமல் பூட்டுக் கோப்பு மட்டும் கிடந்தால், முந்தைய நாள் ஏதோ ஒரு கணினி சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறது என்று பொருள். தவிர, தவறான பட்டனை அமுக்கினால் ஒரு பெயர் அழியலாம். கோப்பே திறக்காமல் போகாது.

கெட்டது ஒரு பங்கு என்றால் கெடுத்தது இன்னொரு பங்கு. கடைக்காரத் தம்பி வந்து, மூலக் கோப்பிலேயே 'காம்பாக்ட் அண்ட் ரிப்பேர்' கொடுத்தார். திறந்துகொண்டது. எல்லோருக்கும் டீ வந்தது. எத்தனை பெயர் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது என்று ஒருவரும் எண்ணவில்லை. அந்த ரிப்பேர் படிக்க முடிந்ததைப் புதுக் கோப்பில் சேர்க்கும். முடியாததை விட்டுவிடும். விட்டுப்போன ஏழு பேரில் ஒருவர் காலமானவர். ஈமச்சடங்கு உதவித்தொகை கேட்டு வந்த அவர் மனைவியிடம், "உங்க வீட்டுக்காரர் பேர் இல்லையேம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். முப்பது வருடம் சந்தா கட்டிய மனிதர் அவர்.

செய்திருக்க வேண்டியது இதுதான். முதலில் எல்லோரும் வெளியே வர வேண்டும். கெட்ட கோப்பை அப்படியே நகல் எடுத்து, மூலத்தைத் தொடாமல் வைத்து, ரிப்பேரை நகலில்தான் போட வேண்டும். அதற்கும் மசியவில்லையென்றால் வெற்றுக் கோப்பு ஒன்றைப் புதிதாகத் திறந்து, பட்டியல்களை ஒவ்வொன்றாக அதற்குள் இறக்குமதி செய்து பார்க்கலாம். திறந்த பிறகு, பழைய நகலோடு வைத்து எண்ண வேண்டும். பட்டியல்களுக்கு இடையேயான இணைப்புகளும் சில சமயம் அறுந்திருக்கும், அதையும் பார்க்க வேண்டும்.

பழைய நகல் எங்கே என்று கேட்டேன். "டி டிரைவ்ல இருக்கு சார்" என்றார் செயலாளர். சி டிரைவ், டி டிரைவ் இரண்டும் எங்கள் கணினியில் ஒரே தட்டு! வீட்டுச் சாவியின் மாற்றுச் சாவியை அதே வளையத்தில் மாட்டி வைப்பது போல. அதுவும் தினமும் ஒரே பெயரில் மேலெழுதும் நகல். கெட்ட கோப்பு அன்றிரவே நல்ல நகலை விழுங்கிவிட்டது. தேதி போட்டுத் தனித்தனியாக, வெளியே ஒரு வட்டில், எல்லோரும் மூடிய பிறகு எடுத்திருந்தால் இந்தப் பாடு இல்லை. மாதம் ஒருமுறை அதில் ஒன்றைத் திறந்தும் பார்க்க வேண்டும்.

"கோப்பை ஒன்டிரைவில் போட்டு எல்லோரும் திறக்கலாமே" என்கிறார் ஒரு நண்பர். வேண்டாம். அது கோப்பை முழுசாக ஏற்றி இறக்கும் ஏற்பாடு. இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ஒருவர் எழுதியது போய்விடும். பட்டியல்களை ஒரு கோப்பிலும் படிவங்களை ஒவ்வொரு கணினியிலும் தனியாகவும் பிரித்து வையுங்கள். பிரித்துக் கொடுக்கும் வசதி அக்சஸிலேயே உண்டு, காசு கிடையாது. ஒயரையும் திரும்ப இழுங்கள்.

நிறுத்திய சம்பளத்தை உடனே கொடுக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் கொண்டுவருகிறேன். முன்மொழிய நான், வழிமொழிய ஒருவர் வேண்டும். ஏழு பேரின் பெயரையும் திரும்ப ஏற்றச் சந்தா ரசீதுப் புத்தகங்களின் அடிக்கட்டைகள் போதும். முன்னாள் பொருளாளர்கள் வீட்டுப் பரணில் இருந்தால் தூசி தட்டி எடுத்து வையுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.